மடை யார் கையில்?

மையம் இல்லை, மேனேஜர் இல்லை, சாதி சர்ட்டிபிகேட் கேக்க ஆளில்லை. கிரிப்டோ பற்றி நம் மாணவத் தோழர்கள் சிலர் இப்படித்தான் பேசுகிறார்கள். பேங்கு வாசலில் நின்று நின்று கால் கடுத்த சனத்தின் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். அதனாலேயே கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிட்காயினும் ஈதரும் வேறு வேறு சங்கிலிகள். ஒன்றை இன்னொன்றாக மாற்றத் தரகு நிறுவனம் வேண்டாம், குளம் போதும் என்கிறது தோர்செயின். யார் வேண்டுமானாலும் காசு போட்டு வைக்கும் குளம் அது. ஒரு பக்கம் பிட்காயின், மறுபக்கம் ரூன் என்கிற அதன் சொந்த நாணயம். பிட்காயினைக் கொடுத்தால் அது ரூனாகி, அடுத்த குளத்தில் ஈதராகி வெளியே வரும். குளத்து இருப்பின் விகிதமே விலை. கட்டணம், காசு போட்டவருக்கும் நோடு நடத்துபவருக்கும்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் நிறுவனத்தில் சுமார் 150 கோடி டாலர் கொள்ளை போனது. வடகொரியாவின் வேலை என்றது அமெரிக்க எஃப்.பி.ஐ. அந்த ஈதரில் பெரும்பங்கு தோர்செயின் குளங்கள் வழியாகத்தான் பிட்காயினாக மாறியது. ஈதர் வணிகத்தை நிறுத்தச் சில நோடுகள் வாக்களித்தன. சில நிமிடங்களில் வேறு நோடுகள் அதைப் புரட்டிவிட்டன. யாரையும் தடுப்பதில்லை என்பது கொள்கையாம்.

சரி, அதற்கு ஒரு மாசம் முந்தி நடந்தது என்ன? 2025 ஜனவரியில் தோர்செயினின் சேமிப்பு, கடன் திட்டங்களில் சுமார் 20 கோடி டாலர் பாக்கி நின்றது. திருப்பித் தர வழியில்லை. அப்போது இதே நோடுகள் கதவைச் சாத்தின. சேமித்தவன் தன் காசை எடுக்க முடியவில்லை. பிறகு பாக்கிக்குப் பதிலாகப் புது டோக்கன் ஒன்று கைக்கு வந்தது.

திருட்டுக் காசுக்குத் திறந்தே கிடந்த மடை, சேமித்தவனுக்கு மூடிக்கொண்டது. அப்படியானால் மடை இருக்கிறது. மடையைப் பிடித்த கையும் இருக்கிறது. நோடு நடத்த ரூனைப் பெருந்தொகையாகப் பிணை கட்டணும். கட்ட முடிந்தவனுக்கே வாக்கு. அன்னாடம்காய்ச்சிக்கு அங்கே குரல் ஏது?

இதனால் பேங்குக்காரன் யோக்கியனாகிவிட மாட்டான். அவனோடு நம் கணக்கு தனியாக இருக்கிறது. ஆனால் மையம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மையமே இல்லை என்று நம்பிவிடக் கூடாது, தோழர்களே.

1927இல் மகாத் குளத்தில் இறங்கினார் அண்ணல். 1928இல் சைமன் குழுவிடம், சொத்துள்ளவனுக்கு மட்டுமல்ல, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டார். குளத்தில் இறங்கினால் மட்டும் போதாது, மடையைத் திறக்கவும் மூடவும் முடிவெடுக்கிற இடத்தில் நாமும் இருக்கணும். புதுக் குளம் எதைக் காட்டினாலும் முதலில் அதைக் கேளுங்கள்.