எய்தவன் இருக்க அம்பை நோவதா?

வெள்ளைச் சட்டை, கழுத்திலே டை, மார்பிலே கறுப்புப் பெயர்ச் சீட்டு. இருவர் இருவராகத் தெருவில் வருகிறார்கள். வயது பதினெட்டு, பத்தொன்பதுதான். பொலிவியாவின் லா பாஸ் ஆனாலும், பிலிப்பைன்ஸின் மணிலா ஆனாலும் இதே கோலம். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், சால்ட் லேக் சிட்டியைத் தலைமைப் பீடமாகக் கொண்ட மார்மன் சபையின் மிஷனரிகள் இவர்கள். மீசை அரும்பும் வயதுப் பையனுக்குச் சபை சூட்டியிருக்கும் பட்டம் "எல்டர்", அதாவது மூப்பர்!

இப்படி 70,000-க்கு மேற்பட்ட வாலிபர்களையும் யுவதிகளையும் இந்தச் சபை உலகெங்கும் ஊழியத்தில் வைத்திருக்கிறது. "இவர்களெல்லாம் அமெரிக்க உளவாளிகள்" என்ற பேச்சு லத்தீன் அமெரிக்க நாடுகளில் வெகு காலமாக உண்டு. சிலர் பேச்சோடு நிற்கவில்லை. சிலி நாட்டில் 1980-களில் ஜெபக் கூடங்களுக்குக் குண்டு வைத்தார்கள். 1989 மே மாதம் லா பாஸ் நகரில், "சராத்தே வில்கா" என்ற ஆயுதக் குழு இரண்டு அமெரிக்க மிஷனரிகளைச் சுட்டுக் கொன்றது. இருவருக்கும் வயது இருபது. 1990 ஆகஸ்டில் பெருவின் உவாங்காயோ நகரில் இன்னும் இருவர் கொல்லப்பட்டனர். அவர்கள் அமெரிக்கர்கள்கூட அல்லர். பெரு மண்ணிலே பிறந்த பிள்ளைகள்!

நாம் கேட்கிறோம்: இதனால் எந்த ஏகாதிபத்தியம் வீழ்ந்தது? எந்தச் சுரங்கத் தொழிலாளிக்குக் காலணா கூலி உயர்ந்தது? நான்கு தாய்மார் வயிறு எரிந்ததுதான் மிச்சம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் ஊர்ப் பழமொழி. அங்கே அம்பை நொந்ததோடு விடவில்லை, முறித்தே போட்டார்கள். எய்தவனோ சௌக்கியமாக இருந்தான்.

மணி அடித்தாற்போல்

அந்தப் பையன் யார்? அவனுடைய ஒரு நாளைப் பாருங்கள்.

காலை ஆறரை மணிக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு வேதப் படிப்பு, வந்த நாட்டின் மொழிப் படிப்பு. பத்து மணி வாக்கில் தெருவில் இறங்கினால் இரவு ஒன்பது வரை கதவு தட்டல், போதனை, மறுபடி கதவு தட்டல். பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். நெடுங்காலம் இருந்த அட்டவணை இது. 2017-ல் அந்தந்த நாட்டுக்கேற்பச் சற்று மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார்கள்.

தனியாக எங்கும் போகக் கூடாது. சபை நியமித்த கூட்டாளி எந்நேரமும் கூடவே இருப்பான். காதல் கூடாது. துணி துவைக்கவும், சாமான் வாங்கவும், வீட்டுக்குக் கடிதம் எழுதவும் வாரத்தில் ஒரு நாள். தாயின் குரலைக் கேட்க? 2019 பிப்ரவரி வரை வருஷத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று! அதற்குப் பிறகுதான் வாரம் ஒரு முறை பேச அனுமதித்தார்கள்.

வாரக் கடைசியில் கணக்கு ஒப்பிக்க வேண்டும். எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தேதி கொடுத்தார்கள்? எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள்? இந்த எண்ணிக்கை மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில், பேஸ்பால் ஆட்டம் சொல்லித் தருகிறோம் என்று சிறுவர்களைச் சேர்த்து, ஞானஸ்நானம் கொடுத்து, ஏட்டில் எண்ணிக்கையை ஏற்றினார்கள். பின்னால் அந்தப் பெயர்களில் பலவற்றை அடிக்க வேண்டி வந்தது. ஆலையில் "கோட்டா" முறையைக் கண்ட தொழிலாளிக்கு இந்தக் கதை புதிதல்ல.

கூலி எவ்வளவு?

கூலி கிடையாது. அது மட்டுமா? உழைக்கிறவனே பணம் கட்ட வேண்டும்! அமெரிக்கப் பையனுக்கு மாதம் 400 டாலராக இருந்த கட்டணம், 2020 ஜூலை முதல் 500 ஆயிற்று. இரண்டு வருஷத்துக்கு 12,000 டாலர். பள்ளிக்கூட நாளில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கொஞ்சம். மிச்சம் தகப்பன் சம்பளம். குடும்ப வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் இதற்கு மேல் தனி. அதைக் கட்டாதவனுக்குச் சபையின் பெரிய ஆலயங்களுக்குள் நுழையச் சீட்டுக் கிடையாது. ஏழை நாட்டுப் பையன்களுக்குக் கட்டணம் குறைவு என்பது உண்மை. பற்றாக்குறையை ஈடுகட்டும் நிதிக்கும் விசுவாசிகளிடமே வசூல்!

அமெரிக்கப் பெற்றோர் இருவர், 1980-81ல் ஊழியம் செய்த தம் மகன்களுக்கு அனுப்பிய பணத்தைத் தருமமாகக் கருதி வரிச் சலுகை தாருங்கள் என்று வழக்காடினார்கள். ஒரு மகன் நியூயார்க்கில், மற்றவன் நியூசிலாந்தில். 1990-ல் சுப்ரீம் கோர்ட் கையை விரித்தது. பிள்ளைகளின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிய பணம் சபைக்குக் கொடுத்ததாகாது என்று தீர்ப்பு. வேலை சபையுடையது, செலவு வீட்டுடையது! எல்லோரும் ஒரே தொகையைச் சபையிலே கட்டும் ஏற்பாடு அதற்குப் பிறகு வந்ததுதான்.

பெட்டியில் எவ்வளவு?

சரி, சபை ஏழையா? 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கண்காணிப்புக் கமிஷன் விஷயத்தை அம்பலமாக்கியது. "என்சைன் பீக்" என்ற சபையின் முதலீட்டு ஸ்தாபனம், 13 பெயரளவுக் கம்பெனிகளின் முதுகுக்குப் பின்னால் சபையின் பங்குகளை மறைத்து வைத்திருந்தது. 2018-ல் அவற்றின் மதிப்பு சுமார் 3,200 கோடி டாலர்! இந்தச் செல்வம் வெளியே தெரிந்தால் பாதகமாகும் என்று சபை அஞ்சியதாகக் கமிஷனே சொல்லிற்று. ஸ்தாபனத்துக்கு 40 லட்சம் டாலர், சபைக்கு 10 லட்சம் டாலர் அபராதம்.

நாமே கணக்குப் போடுவோம். 70,000 பேருக்கும் மாதம் 500 டாலர் வீதம் சபையே கொடுத்தால் வருஷத்துக்கு 42 கோடி டாலர். அந்த 3,200 கோடிக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி வந்தாலே 64 கோடி. முதலைத் தொட வேண்டாம். வட்டியில் மிச்சமும் விழும். ஆனாலும் பையன் கட்ட வேண்டுமாம்!

2017-ல் வெளியே கசிந்த ஆவணத்தின்படி, 2014-ல் சபையின் மேல்மட்டத் தலைவருக்கு "வாழ்க்கைப் படி" வருஷத்துக்கு 1,20,000 டாலர். மேலே உட்கார்ந்தவருக்குப் படி. கீழே நடக்கிறவனுக்குக் கட்டணம். 1959-க்குப் பிறகு சபை தன் முழு வரவு செலவுக் கணக்கை விசுவாசிகளுக்கே காட்டவில்லை.

விருப்பம் என்னும் விலங்கு

"அவன் விரும்பித்தானே போகிறான்?" என்பார்கள். தகுதியுள்ள ஒவ்வொரு வாலிபனும் போக வேண்டும் என்று 1974-ல் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பால் கட்டளை போலச் சொன்னார். 2012-ல் ஆண்களுக்கு வயது 19-லிருந்து 18 ஆயிற்று. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கிளம்ப வேண்டியதுதான். பாதியில் திரும்பியவனைச் சொந்த ஊரே ஒரு மாதிரி பார்க்கும். பிறந்த நாளிலிருந்து காது நிறைய ஓதிவிட்டு, விருப்பம் என்று அதற்குப் பெயர் வைப்பதா?

அவன் நம்பிக்கை பொய் என்று நாம் சொல்லவில்லை. அது நிஜம். நிஜமானதால்தான் அதைச் சுரண்ட முடிகிறது. பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக அலைந்த நமக்கு, முகத்தில் அடித்தாற்போல் கதவு சாத்தப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஆகவே சொல்கிறோம். மிஷனரியின் சோற்றுச் செலவைச் சபையே ஏற்கட்டும். திரும்ப விரும்புகிறவனை அவமானமின்றி வீடு சேர்க்கட்டும். கணக்கேட்டைப் பகிரங்கமாக விரிக்கட்டும்.

குண்டால் நியாயம் பேச நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதவைத் தட்டும் பையனோடு வாதாடுங்கள். பிடிக்கவில்லையா, கதவைச் சாத்துங்கள். தாகம் என்றால் ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள். கணக்கை மட்டும் அவனிடம் கேட்காதீர்கள். கேட்க வேண்டிய இடம் சால்ட் லேக் சிட்டி!