உதட்டுப் புள்ளியை மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்?

கோபத்தில்தான் எழுதுகிறோம், பொறுத்து முழுதாக வாசியுங்கள்.

நம் வகுப்பில் ஒரு பிள்ளை. உதட்டிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் பேனாவால் குத்தியது மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அடிக்கடி வயிற்று வலி, வெளிறிய முகம். பாடத்துக்குக் கள்ளம் என்று நாமே ஏசியிருக்கிறோம், அல்லாஹ் மன்னிக்கட்டும். வீட்டில் கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். கடைசியில் குடல் அடைத்து, இரவோடிரவாக ஒபரேஷன். அப்போதுதான் உம்மா வாய் திறந்தா: வாப்பாவுக்கும் இதே புள்ளி, வாப்பும்மாவுக்கும் இதே வலி. ஏன் முதலே சொல்லவில்லை? மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம்!

இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது. பியூட்ஸ்-ஜெகர்ஸ். 1921இல் பியூட்ஸ் என்ற டச்சு வைத்தியர் ஒரே குடும்பத்தில் கண்டு எழுதியது. சிறுகுடலின் உட்சுவரில் காளான் மாதிரிச் சதை முளைக்கும். பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. ஆனால் பெருத்தால் இரத்தம் கசிந்து சோகை வரும். குடல் அந்தச் சதையையும் உணவென்று தள்ளப் பார்க்கும், சட்டைக் கை உள்ளே மடிவது போலக் குடலுக்குள் குடல் சொருகிக்கொள்ளும். வயது ஏற ஏற குடல், கணையம், மார்பகம் என்று புற்றுநோய் ஆபத்தும் கூடும். உதட்டுப் புள்ளி வளர்ந்த பிறகு மங்கலாம். அதை வைத்து 'சுகமாகிவிட்டது' என்று சொல்லாதீர்கள்.

'சொந்தத்துக்குள் முடித்ததால் வந்தது' என்பதும் பிழை. தாய், தகப்பன் யாராவது ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே வரும். மருமகளைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சீதன வீட்டில் எத்தனை அறை, உறுதி யார் பெயரில் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். பரம்பரை நோயைக் கேட்டால் மட்டும் மரியாதைக் கேடா? ஊருக்குப் பறைசாற்றச் சொல்லவில்லை. வைத்தியரிடம் சொல்லுங்கள், நிகாஹுக்கு முன் கட்டப்போகிற இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். எட்டு வயதிலேயே குழாய் விட்டுப் பார்க்கத் தொடங்கலாம், பெருக்குமுன் வெட்டி எடுக்கலாம். மரபணுப் பரிசோதனையும் இருக்கிறது. குடும்பத்தில் கண்ட அந்தக் கோளாறு இல்லாத பிள்ளைக்குப் பயமே வேண்டாம். மருந்து செய்யச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு மறைப்பதற்கு 'கத்ர்' என்று பெயர் வைக்கிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கு வருகிறது. தம்பிக்கும் கீழுதட்டில் புள்ளி, வயது எட்டு. இன்னும் கிளினிக்குக் கொண்டுபோகவில்லை. ராத்தாவின் கலியாணம் முடியட்டுமாம்.