பாம்பை அறிவோம், உயிரைக் காப்போம்

போடிமெட்டு, குரங்கணி மலைச்சரிவுகளில் ஏலக்காய் பறிக்கச் செல்வோர், பாம்பைக் கண்டவுடன் அடித்துவிடுவது வழக்கம். அடித்த பாம்பைச் சாக்கில் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுவரும் உறவினர்களும் உண்டு. அவர்களது பதற்றம் இயல்பானதே. ஆயினும், இவ்வழக்கத்தைக் கைவிட்டு, நம் மலையின் பாம்புகளை இனம் பிரித்து அறியக் கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தியாவில் பயன்படும் விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ இவற்றோடு குழிவிரியன்களும் வாழ்கின்றன. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே சிறு குழி இருப்பதால் இப்பெயர். அவற்றுள் ஒன்று காய்ந்த சருகின் நிறமும், மேல்நோக்கி எழும்பிய மூக்கு நுனியும் உடையது. அதன் கடியைச் சுருட்டை விரியனின் கடியென்றே நெடுங்காலம் தவறாகக் கருதினர். அது இரத்தம் உறையாமையையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைக் கேரளத்து நோயாளிகளைக் கொண்டு மருத்துவர்கள் 2007-இல் பதிவுசெய்தனர். வழக்கமான விஷமுறிவு மருந்து அதற்குப் பயன் தருவதில்லை. இரத்த உறைவையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணித்து, தேவையெனில் டயாலிசிஸ் செய்வதே வழி. ஆகவே, கடிபட்டது அடிவார வயலிலா, மேலேயுள்ள ஏலத்தோட்டத்திலா என்று நாங்கள் கேட்பது வெறும் விசாரணையன்று.

அப்படியானால் பாம்பைக் கொண்டுவருவது நல்லதுதானே எனலாம். நல்லதன்று. அதைத் தேடுவதில் நேரம் வீணாகும், இன்னொருவரும் கடிபடக்கூடும், வெட்டுண்ட பாம்பின் தலைகூடக் கடிக்கவல்லது. நோய்க்குறிகளையும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்க இயலும். பாம்பு கண்ணெதிரே இருந்தால், விலகி நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்.

மேலும், அடிபடுபவற்றுள் பல விஷமற்றவை. வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்றும், மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்றும் எண்ணிக் கொல்கிறோம். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. எவருக்கும் தீங்கு செய்யாத அவையும் மண்வெட்டிக்கு இரையாகின்றன. எலிகளைத் தின்னும் சாரையைக் கொன்றால், எலிகளைத் தேடி விஷப்பாம்பு வீட்டருகே வரவும் இடமுண்டு.

விஷமுறிவு மருந்தின் மூலப்பொருளே உயிருள்ள பாம்பிடமிருந்து வருவது என்பதையும் மறத்தலாகாது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், விஷத்தை எடுத்தபின் பாம்புகளை மீண்டும் இயற்கையிலேயே விட்டுவிடுகின்றனர். இனம் அறிந்தவர்கள் கொல்வதில்லை.

2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அடுத்த படியாக, இப்பகுதிப் பாம்புகளின் படங்களும் ஊர்வழக்குப் பெயர்களும் கொண்ட பலகையை ஒவ்வொரு தோட்டத்திலும் வைக்க வனத்துறையும், பூட்ஸும் டார்ச்சும் வழங்கத் தோட்ட உரிமையாளர்களும் முன்வர வேண்டும்.

குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே. கடிபட்டவரைத் தேற்றுங்கள், நடக்க விடாதீர்கள், கடிபட்ட உறுப்பை அசையாமல் வையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டவோ, கீறவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டா. உடனே 108-ஐ அழையுங்கள். பாம்பை அதன் வழியே போகவிடுங்கள்.