கணக்கில் வராத கண்கள்

பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை எட்டிவிட்டதால், பொது சுகாதாரப் பிரச்னை என்ற அளவில் தொழுநோய் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2005 டிசம்பர் நிலவரத்தை வைத்து மத்திய அரசு அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால், 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டில் தலா ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களே. இவர்களில் எத்தனை பேருடைய பார்வை பறிபோகிறது என்ற கேள்விக்கு, தேசிய அளவில் வெளியாகும் வழக்கமான புள்ளிவிவரங்களில் நேரடியான விடை இல்லை.

தொழுநோய் கண்ணைத் தாக்கும் விதம் மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. முக நரம்பு பாதிக்கப்பட்டால் இமைகள் மூடாது. கருவிழியின் உணர்வைச் சுமக்கும் நரம்பு பாதிக்கப்பட்டால், தூசி விழுந்தாலும் புண் ஏற்பட்டாலும் தெரியாது. கண்ணின் உள்ளே ஏற்படும் அழற்சி ஓசையின்றிப் பார்வையைக் குறைக்கும். கைவிரல்களில் உணர்வை இழந்த ஒருவருக்குத் துணையாக எஞ்சியிருப்பது கண் மட்டுமே. அதுவும் போய்விட்டால், தொட்டறிந்து வாழவும் அவரால் முடியாது. மற்றவர்களின் பார்வையிழப்பிலிருந்து இவருடைய இழப்பு வேறுபடுவது இங்கேதான்.

அப்படியிருந்தும் இந்த இழப்பு ஏன் எண்ணப்படவில்லை? முதல் காரணம், ஊனத்தைப் பதிவு செய்யும் முறை. கண், கை, கால் என மூன்றும் தனித்தனியே பரிசோதிக்கப்படுகின்றன. ஆனால், அவற்றில் எது மிக மோசமோ அதுவே நோயாளியின் ஊன நிலையாகக் கொள்ளப்படுகிறது. தேசிய அறிக்கையில் இடம்பெறுவது "இரண்டாம் நிலை ஊனம்" என்ற ஒற்றை எண். விரல் மடங்கியவரும் பார்வை இழந்தவரும் அந்த எண்ணுக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம், கூட்டு மருந்து சிகிச்சை முடிந்ததும் நோயாளியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவது. கிருமி அழிந்துவிடுகிறது, நரம்பின் சேதம் அழிவதில்லை. 1990-களில் இந்தியா, பிலிப்பின்ஸ், எத்தியோப்பியா ஆகிய நாடுகளில், கிருமி மிகுந்த வகை தொழுநோயாளிகள் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். இந்தியப் பகுதி ஆய்வை நடத்தியது வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் ஆய்வு மையம். நோய் கண்டறியப்பட்ட வேளையிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பார்வையைப் பறிக்கக்கூடிய பாதிப்பு இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. சிகிச்சைக் காலத்திலும், அது முடிந்த பிறகும்கூட புதிய பாதிப்புகள் தோன்றின. பதிவேட்டை மூடிவிட்டு எண்ணினால் இவர்கள் எப்படிக் கணக்கில் வருவார்கள்?

மூன்றாவது, அளவுகோல்களில் உள்ள முரண்பாடு. ஆறு மீட்டர் தொலைவில் விரல்களை எண்ண முடியாத பார்வைக் குறைவு, தொழுநோய்த் திட்டத்தில் இரண்டாம் நிலை ஊனம். பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமோ 2017-ல் தனது வரையறையை மூன்று மீட்டராக மாற்றிக்கொண்டது. ஒரே மனிதர் ஓர் அலுவலகத்தின் கணக்கில் இருக்கிறார், மற்றோர் அலுவலகத்தின் கணக்கில் இல்லை. போதாததற்கு, முதுமையில் வரும் கண்புரையை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்ற குழப்பம் வேறு. மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் விகிதம் கூடிவிடும். மருத்துவமனையை எட்டிப் பார்க்காதவர்களை விட்டுவிட்டால் குறைந்துவிடும்.

நாடாளுமன்றம் இதை அறியாததல்ல. 1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், தொழுநோயிலிருந்து குணமானவரை வரையறுக்கும்போது கண், இமை ஆகியவற்றின் உணர்விழப்பையும் தளர்ச்சியையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன. தொழுநோயாளிகளின் மறுவாழ்வு குறித்து மாநிலங்களவை மனுக்கள் குழு 2008-ல் தனி அறிக்கையே அளித்தது. சட்டம் அங்கீகரித்த பாதிப்பைப் புள்ளிவிவரம் அங்கீகரிக்கத் தயங்குவது முறையல்ல.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. நோய் பதிவாகும்போதும் சிகிச்சை முடியும்போதும் பார்வைத் திறனையும் இமை மூடுவதையும் சோதிக்க ஓர் அட்டையும் பயிற்சி பெற்ற ஓர் ஊழியரும் போதும். முடிவுகளைக் கண், கை, கால் எனப் பிரித்து வெளியிட வேண்டும். சிகிச்சை முடிந்தவர்களையும், தொழுநோயாளர் குடியிருப்புகளில் வாழும் முதியவர்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்து, கண்புரை அறுவைச் சிகிச்சையில் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். இரு திட்டங்களும் ஒரே சுகாதார அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகின்றன என்பதால், ஒரே அளவுகோலுக்கு வருவதில் தடையேதும் இருக்க முடியாது.

2027-க்குள் தொழுநோய்ப் பரவலை முற்றிலும் நிறுத்துவது, 2023-ல் வெளியிடப்பட்ட தேசியத் திட்டத்தின் இலக்கு. பரவல் நின்றாலும், ஏற்கெனவே நோயுற்றுக் குணமானவர்களின் கண்கள் அரசின் பொறுப்பிலிருந்து விலகிவிடப் போவதில்லை. பதிவேட்டில் பெயர் நீங்குவது மட்டுமே வெற்றியாகாது. குணமானவர் தம் வாழ்நாள் முழுவதும் பார்வையோடு இருப்பதையும் சேர்த்துக் கணக்கிடும்போதுதான் அந்த வெற்றி முழுமையடையும்.