எல்லையும் ஆறும்

தொண்டாமுத்தூர் கோயமுத்தூருக்கு மேற்கே மலைப்பக்கத்தே அமைந்த சிற்றூர்; மலைத்தொடருக்கு அப்பால் பாலக்காட்டு நாடு. அந்நாட்டைக் கொண்ட மலபார் மாவட்டமும் கோவை மாவட்டமும் 1956 அக்டோபர் முடிய ஒரே சென்னை மாநிலத்தினவே. நவம்பர் 1 முதலே இடையில் மாநில எல்லை தோன்றிற்று.

ஆயின் நீர் எல்லையை அறியாது. வெள்ளியங்கிரியிற் பிறக்கும் நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியை அடைகின்றது. சிறுவாணியோ கேரளத்துட் பாய்ந்து, பவானியோடு கலந்து, மீண்டும் தமிழகம் புகுந்து அக்காவிரியையே சேர்கின்றது. கோவை மாந்தர் பருகும் சிறுவாணி நீரும் கேரளத்து அணையினின்று மலையைக் குடைந்த வழியே வருவதாம்.

அயலார் நீரைப் பருகும் நாம், நமது நொய்யலில் கோவைக் கழிவும் திருப்பூர்ச் சாயமும் கலக்க விட்டோம். தன் ஆற்றைப் பேணாதார் பிறரிடம் நீருரிமை பேசுதல் எங்ஙனம் பொருந்தும்? நொய்யலைக் காத்தலே நம் முதற் கடன்.