வில்லியனூர்த் தேர்வடம்

பத்திரிகைகளில் இப்போது பிரயாணக் கம்பெனிகளின் விளம்பரங்கள் மலிந்து கிடக்கின்றன. ரியோ டி ஜெனிரோவில் கார்னிவல் பார்க்கலாம். வெனிஸ் நகரில் முகமூடி தரித்துத் திரியலாம். பணத்தைக் கட்டிவிட்டால் மற்றதெல்லாம் அவர்கள் பொறுப்பு. போகிறவர்கள் சுகமாய்ப் போய் வரட்டும். எனக்கு அதில் பொறாமை இல்லை, இருந்தாலும் கொஞ்சந்தான். ஆனால் புதுச்சேரிக்கு மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டரில், வைகாசி மாதத்தில், வில்லியனூரில் நடக்கும் தேர்த் திருவிழாவைக் கண்ணால் காணாத புதுச்சேரிவாசிகள் அநேகர் உண்டு என்பதை எண்ணும்போதுதான் சற்று வருத்தமாயிருக்கிறது.

கார்னிவல் என்பது கத்தோலிக்க நாடுகளில் தவக்காலம் பிறக்குமுன் கொண்டாடும் ஆரவாரத் திருநாள். நாற்பது நாள் புலால் துறந்து நோன்பிருக்க வேண்டுமல்லவா? அதற்கு முன்பாக வயிறாரத் தின்று, மனமாரக் கூத்தாடித் தீர்த்துவிடுவது. புரட்டாசிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையன்று நம் ஊர்க் கறிக்கடைகளில் கூடும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

1797ல் வெனிஸ் குடியரசு நெப்போலியனிடம் வீழ்ந்தபின் அங்கே இந்த விழா ஒடுங்கிற்று. 1979ல்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ரியோவில் ஸாம்பா கழகங்களின் போட்டி 1932 முதல் தெருவிலேயே நடந்து வந்தது. 1984ல் ஆஸ்கார் நீமையர் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அதற்கென்றே ஒரு வீதியும், இருமருங்கிலும் வரிசை வரிசையாய் ஆசனங்களும் அமைத்தார்கள். ஏழைக் குடியிருப்புக்களில் வளர்ந்த ஆட்டத்தை இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அந்நகரத்தின் சாதாரணத் தெருக்களில் ஜனங்கள் இன்னமும் ஆடத்தான் ஆடுகிறார்கள். எனினும் உலகம் படம் பிடிப்பது டிக்கெட் ஆட்டத்தையே.

தெருவில் ஜனங்கள் கூடுவது அதிகாரிகளுக்கு எந்த நாட்டிலும் உவப்பானதன்று. டிரினிடாட் தீவில் 1881ல் தீப்பந்த ஊர்வலத்தைப் போலீசார் தடுக்கப் போக, அடிமைத்தளை நீங்கியவர்களின் சந்ததியார் எதிர்த்து நின்று மோதினார்கள். அதே தீவில் 1884ல் மொகரம் ஊர்வலம் வந்த நம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து பல உயிர்கள் போயின. முஸ்லிம்களோடு ஹிந்துக்களும் சேர்ந்து நடந்த ஊர்வலம் அது. பிரெஞ்சுத் தீவுகளுக்கும் நமக்கும் உறவு இன்னும் நெருக்கம். 1853ல் மார்த்தினீக்குக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரைக் கொண்டுபோய் இறக்கிற்று. பின்னர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறி அங்கே கரும்பு வெட்டப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். மார்த்தினீக் கார்னிவலில் ‘வவால்’ என்னும் பெரிய உருவத்தைச் சாம்பல் புதனன்று கொளுத்தி, கறுப்பும் வெள்ளையும் உடுத்து ஒப்பாரி வைப்பார்களாம். காமன் பண்டிகை நடக்கும் கிராமத்திலிருந்து போன ஒருவர் இதைக் கண்டு பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

வில்லியனூருக்கு வருவோம். அங்கே திருக்காமீசுவரர் கோயில் சோழர் காலத்தது. அம்பிகையின் திருநாமம் கோகிலாம்பிகை. வைகாசிப் பிரம்மோற்சவத்தின் சிகரம் ஒன்பதாம் நாள் தேர். சுமார் ஐம்பதடி உயரமான அந்தத் தேர் அசைவதற்கு இயந்திரம் எதுவுமில்லை, கைகளே வேண்டும். தேரின் அச்சு வண்டி அச்சைப்போல் திரும்பாது. வீதி முனையில் சக்கரத்தின் கீழே கட்டை கொடுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். வேகத்தை அடக்குவதற்கும் அதே முட்டுக்கட்டைதான். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் ஆனாலும், சக்கரத்தருகே குனிந்து நிற்கும் அந்த நாலு பேரின் கண்ணும் கையும் பிசகினால் காரியம் கெட்டது. அவர்களை யாரும் படம் பிடிப்பதில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் தொட்டு இழுப்பது இங்கே வழக்கமாயிருந்தது. அந்த வழக்கத்தைத் துணைநிலை ஆளுநர்கள் தொடர்ந்து நடத்தி வருகிறார்கள். இதைப் பக்தி என்பார் சிலர். 1748ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, துய்ப்ளேக்ஸ் ஆட்சியில், புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலை இடித்துத் தள்ளியதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதே சர்க்காரின் பிற்காலத்துக் கவர்னர் வந்து வடம் பிடித்தார் என்றால், ஜனங்கள் எங்கே திரண்டு நிற்கிறார்களோ அங்கே தாமும் நிற்பது நலம் என்று தெரிந்துகொண்டார் என்பதே என் அபிப்பிராயம். 1954 அக்டோபர் 18ந் தேதி வில்லியனூருக்கு அருகே கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் சேர்வதென்று சொல்ல, நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறிற்று. ஆண்டவர்கள் கப்பலேறினார்கள், வடம் மட்டும் அங்கேயே இருந்தது. இதே ஊரில் 1877ல் எழுந்த லூர்து மாதா ஆலயத்துக்கும் தேர்ப்பவனி உண்டு.

பாகூர்ப் பக்கத்தில் என் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் விசாரித்தேன். ரியோ ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் பாதிப்பேர். வில்லியனூர்த் தேர்வடம் பிடித்தவர்கள் நால்வர். “எப்படி அப்பா இருந்தது?” என்றேன் ஒரு பையனிடம். “கை எரியும் சார். பக்கத்திலே யாரென்றே தெரியாது, அவர் இழுத்தால் நாமும் இழுத்துத்தான் ஆக வேண்டும்” என்றான்.

பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்கிற ஊர்களும் இருக்கின்றன. சிவகங்கைச் சீமையின் கண்டதேவியில் பட்டியல் சமூகத்தார் வடம் தொடும் உரிமையைப் பற்றிய தகராறு நீதிமன்றம் வரை போயிற்று. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர், 2024 ஜூன் மாதத்தில், பலத்த போலீஸ் காவலுடன் ஓடிற்று. நம் பண்பாட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

மற்றோர் அபாயம் தலைக்குமேல் தொங்குகிறது. 2022 ஏப்ரல் 27ந் தேதி விடியற்காலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாவின் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். முன்காலத்தில் தேருக்கு அளவெடுத்து வீதி அமைத்தார்கள். நாமோ வீதியின் இருபுறமும் திண்ணையையும் மாடியையும் நீட்டி, குறுக்கே கம்பியையும் இழுத்துவிட்டு, தேரின் உயரத்தைக் குறைக்கலாமா என்று யோசனை பண்ணுகிறோம். தமிழ்நாட்டில் சில கோயில் நகரங்களின் தேர்வீதிகளில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். பெரிய ஊருக்கு ஆவது சிறிய ஊருக்கு ஏன் ஆகாது? உள்ளாட்சிக்காரர்களிடம் ஓட்டுக் கேட்கும் காலத்திலாவது இதைக் கேட்டு வையுங்கள்.

வைகாசித் தேருக்குப் போக விரும்புவோர் காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் தார் ரோடு வெறுங்காலைச் சுட்டுவிடும். புதுச்சேரியிலிருந்து பஸ்கள் அடிக்கடி உண்டு. விழுப்புரம் ரயில் மார்க்கத்தில் வில்லியனூரில் ஸ்டேஷனும் இருக்கிறது.