பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியலாமா?

விடியற்காலை நேரம். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. சுங்குவார்சத்திரத்தில் ஒரு கூட்டம் ஏறுகிறது. ஒரகடத்தில் ஒரு கூட்டம் இறங்குகிறது. கழுத்தில் அடையாள அட்டை. கையில் சாப்பாட்டுப் பை. கண்ணில் பாதித் தூக்கம்.

ராமானுஜர் பிறந்த தலம் என்று நாடே அறிந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இன்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. அது எந்திரங்கள் பிறக்கும் ஊர். 2007-ம் ஆண்டில் டெல் நிறுவனம் இங்கே கம்ப்யூட்டர் தொழிற்சாலையைத் தொடங்கியது. உலகம் முழுவதும் விற்பனையாகும் ஐபோன்கள் இந்த வட்டாரத்தில் தயாராகின்றன. ஒரகடத்தில் கார்களும், லாரிகளும், மோட்டார் சைக்கிள்களும் தயாராகின்றன.

அந்தப் பஸ்ஸில் போகும் ஒரு பெண்ணின் வீட்டை எண்ணிப் பாருங்கள்.

அவள் செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியது.

"அக்கா! இந்தக் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது. புதிது வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறாள் தங்கை.

"தவணையில் வாங்கலாம். ஓவர்டைம் பார்த்தால் கட்டிவிடலாம்" என்கிறாள் அக்காள்.

பொறுங்கள்!

மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? தவணைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்தப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்க்க வேண்டாமா?

மூளை எது?

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பெரிய பலகை ஒன்று இருக்கும். அதுதான் மதர்போர்டு. அதன்மேல் ஒரு சிறிய விசிறி சுற்றும். விசிறிக்குக் கீழே, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சதுர வில்லை இருக்கும். அதற்குப் பெயர் பிராசசர். கம்ப்யூட்டரின் மூளை அதுதான். கணக்குப் போடுவதும், கட்டளை இடுவதும் அதன் வேலை.

1971-ம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 4004 என்ற பிராசசரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் கணக்குப் போடும் எந்திரத்துக்காக உருவானது அது. அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள் 2,300. இன்றைய பிராசசரில் அவை நூற்றுக்கணக்கான கோடிகள்!

மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலானவற்றில் பிராசசரைப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். சாக்கெட் என்னும் குழியில் உட்காரவைத்து, ஒரு கொக்கியால் பூட்டியிருப்பார்கள். கொக்கியைத் தூக்கினால் கழற்றலாம். அதைவிட வலுவான இன்னொன்றை வைக்கலாம். லேப்டாப்பிலும் செல்போனிலும் இந்த வசதி இல்லை. இப்போது வரும் லேப்டாப்களில் மூளையைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடி!

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால், குற்றம் எப்போதும் மூளையின் மேல் அல்ல.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பட்டியல் தோன்றும். பிராசசர் எவ்வளவு உழைக்கிறது, ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எவ்வளவு திணறுகிறது என்பதை அது நூற்றுக்கு இத்தனை என்று காட்டும்.

டிஸ்க் நூறைத் தொட்டு நின்றால், பழைய சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். ரேம் நிரம்பி வழிந்தால், ரேமைக் கூட்டுங்கள். பல வீடுகளில் நோய் இதோடு தீர்ந்துவிடும்.

தூசியும் ஒரு காரணம். சாலை வேலையும், லாரிப் போக்குவரத்தும் ஓயாத வட்டாரத்தில் விசிறியில் தூசி அடைவது இயற்கை. காற்றுப் போகாவிட்டால் பிராசசர் சூடேறும். சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு மெல்லிய பிரஷ் செய்யும் வேலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதா?

இவ்வளவும் செய்த பிறகும் பிராசசர் மட்டும் நூறிலேயே நிற்கிறதா? அப்போதுதான் மூளையை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே!

எந்த மூளையும் எந்தப் பலகையிலும் உட்காராது. நான்கு பொருத்தங்கள் பார்க்க வேண்டும்.

சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். மதர்போர்டு கம்பெனி வெளியிட்டுள்ள பட்டியலில் அந்தப் பிராசசரின் பெயர் இருக்க வேண்டும். அது கேட்கும் மின்சாரத்தைப் பலகையும், அது கக்கும் சூட்டை விசிறியும் தாங்க வேண்டும். பலகைக்குள் இருக்கும் பயாஸ் என்ற ஆரம்பக் கட்டளைத் தொகுப்பு, புது மூளையை அடையாளம் காணும் அளவுக்குப் புதிதாக இருக்க வேண்டும்.

ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2012-ம் ஆண்டு வாக்கில் பல அலுவலகங்களுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்கள், இன்று சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் சாக்கெட் 1155 என்ற வகை. இரண்டு கரு உள்ள ஐ3-2120 பிராசசர் இருக்கும் இடத்தில், பலகையின் பட்டியல் அனுமதித்தால், நான்கு கரு உள்ள ஐ5-3470 பிராசசரை வைக்கலாம். முன்னது 65 வாட். பின்னது 77 வாட். பழைய பிராசசர் என்பதால் புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

மாற்றுவது எப்படி?

பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமானால், பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பலகையே செயலிழந்துவிடலாம். ஆகவே யு.பி.எஸ். வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சில்லைக் கொல்ல அது போதும்.

விசிறியைக் கழற்றும்போது அவசரம் கூடாது. இடையில் உள்ள பசை காய்ந்து, பிராசசர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவது உண்டு. ஆகவே, நிறுத்துவதற்கு முன்பு சிறிது நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டால் பசை இளகும். மெதுவாகத் திருகி எடுக்கலாம்.

பிராசசரின் மூலையில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும். சாக்கெட்டின் மூலையிலும் அடையாளம் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து வைக்க வேண்டும். அது தானாக உட்காரும். அழுத்தவே கூடாது. நுண்ணிய ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் ஆபத்து.

பழைய பசையைத் துடைத்துவிட்டு, புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்தால் போதும். விசிறியைப் பூட்டி, அதன் ஒயரை மறக்காமல் செருக வேண்டும். வேலை முடிந்தது!

கை தயாராக இருக்கிறது!

இதெல்லாம் பெரிய எஞ்சினீயர்கள் செய்யும் வேலை அல்லவா என்று பலர் பயப்படுவார்கள்.

அந்த அக்காளை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பாள். பட்டையில் இருந்து ஒரு கம்பி போகும். உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவதற்காக அந்த ஏற்பாடு. தூசி படாமல், விரல் நடுங்காமல், கண்ணுக்குச் சற்றே தெரியும் திருகாணியை முடுக்கப் பழகியவள் அவள். வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்க இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

ஆனால் தொழிற்சாலையில் அவளுக்கு ஒரே வேலை. ஒரே திருகாணி. முழுப் பொருளும் எப்படி ஓடுகிறது என்று அறிந்துகொள்ள அங்கே நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் இருக்கும் பழைய பெட்டி அந்தக் குறையைத் தீர்க்கும் பள்ளிக்கூடம். அதைத் திறந்து பார்த்தவள் நாளைக்கு வேறு வேலைக்கும் தயார் ஆகலாம்.

"எல்லோரும் பழையதையே சரிசெய்துகொண்டிருந்தால், புதுப்பொருள் விற்குமா? தொழிற்சாலையில் வேலை இருக்குமா?" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளும் பள்ளிகளும் நாட்டில் இன்னும் ஏராளம். புதிது அங்கே போகட்டும். சரிசெய்வதும் ஒரு தொழில்தான். அதற்கும் ஆட்கள் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரே இதற்குச் சாட்சி சொல்லும். 2006-ம் ஆண்டில் இங்கே தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை, 2014-ம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அந்த வேதனையை எதுவும் ஈடு செய்யாது. ஆனாலும் அந்தக் கட்டிடத்தை யாரும் இடித்துப் போடவில்லை. சால்காம்ப் என்ற நிறுவனம் அதை வாங்க முன்வந்தது 2019-ம் ஆண்டில். பிறகு அதே கூரையின் கீழ் செல்போன் சார்ஜர்கள் தயாராகத் தொடங்கின. தொழிற்சாலைக்கே மறுவாழ்வு கொடுக்கலாம் என்றால், ஒரு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாதா?

கம்பெனிகள் செய்ய வேண்டியது

மக்கள் சிக்கனமாக இருந்தால் மட்டும் போதாது. கம்பெனிகளும் வழிவிட வேண்டும்.

இன்டெல் கம்பெனியின் ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசர்களுக்கு 1151 தொடுமுனைகள் கொண்ட சாக்கெட். 2017-ம் ஆண்டில் எட்டாம் தலைமுறை வந்தது. அதற்கும் அதே 1151 முனைகள்; அதே அளவு. ஆனாலும் பழைய பலகையில் போடக்கூடாது, புதுப் பலகை வாங்க வேண்டும் என்று ஆயிற்று. மின்சார அமைப்பை மாற்றியதாகக் காரணம் சொன்னார்கள். செலவு வாங்கியவர் தலையில் விழுந்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பை 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026-ம் ஆண்டு அக்டோபர் வரை நீட்டிப்புக் கொடுத்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் பிராசசர் வேண்டும். அதனால் நல்ல நிலையில் ஓடும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. மேலே சொன்ன 1155 வகைக்கு மூளையை மாற்றினாலும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடைக்காது. அதை வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ்தான் வழி. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-ம் ஆண்டில் முதல் ரைசன் பிராசசர்கள் வந்தன. 2020-ம் ஆண்டில், அடுத்து வரும் ரைசன் 5000 வரிசை பழைய பலகைகளில் ஓடாது என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்து எழுந்தார்கள். சில வாரங்களிலேயே கம்பெனி இறங்கி வந்து, சற்றுப் பழைய பலகைகளுக்கு அனுமதி கொடுத்தது. 2022-ம் ஆண்டில், 2017-ம் ஆண்டுப் பலகைகளுக்கும் வழி பிறந்தது.

விண்டோஸ் 11 பட்டியலில் முதல் ரைசன் இல்லை. ரைசன் 5000 இருக்கிறது. ஆகவே, பலகையின் தயாரிப்பாளர் அதற்கான பயாஸைக் கொடுத்திருந்தால், மூளையை மட்டும் மாற்றி, பயாஸில் பாதுகாப்பு வசதியையும் இயக்கிவிட்டால் போதும். 2017-ம் ஆண்டுப் பெட்டி இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? 'முடியாது' என்று கம்பெனி சொல்வது எப்போதும் எந்திரத்தின் தீர்ப்பு அல்ல. சில நேரங்களில் அது வியாபாரத்தின் தீர்ப்பு. வாங்குகிறவர்கள் கேட்டால், தீர்ப்பு மாறும்.

ஆகவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "இதைத் திறக்கலாமா? ரேமைக் கூட்டலாமா? பிராசசரை மாற்றலாமா?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி ஆயிரம் கடைகளில் எழுந்தால், கம்பெனியின் காதில் விழாமல் போகாது.

எதுவுமே பொருந்தாத பெட்டி என்று தெரிந்தால், புதிது வாங்குவதில் தவறு இல்லை. அப்போதும் பழையதைக் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்த முடிவு, மூடியைத் திறந்து பார்த்த பிறகு வரட்டும். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காளும் தங்கையும் ஒரு திருப்புளியோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காரட்டும்!